ரதியின் புடவை: மலையகக் கூத்தில் ஆண்கள் கட்டும் பெண்வேடம்

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டிவரும், சிவன் காமனை எரிக்கும் தகன இரவு வரை, தப்பின் அடிக்கு ரதியும் காமனாகிய மதனும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் ஆடி வருவார்கள். மதன் வேடம் கட்டியவர் ஆண். ரதி வேடம் கட்டியவரும் ஆண்தான். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. இந்தக் காமன் கூத்தோடு நின்றுவிடும் வழக்கமும் அன்று இது. பொன்னர் சங்கரில் தங்காளாக வருபவரும், அருச்சுனன் தபசில் வரும் பெண்களும் மரபுப்படி ஆண்களே. ஆனால் ஏன் ஆண்கள் என்று கேட்டால் கேட்பவரைப் பொறுத்தும் காலத்தைப் பொறுத்தும் விடை மாறுகிறது. வழிபாட்டு முறை என்பார் ஒருவர், பெண்களுக்குத் தடை என்பார் இன்னொருவர். ஆள் கிடைக்காத காலத்து ஏற்பாடு, பழைய தமிழ்க் கூத்தின் எச்சம், பால் எல்லைகளைக் குலைக்கும் கலை என்றும் விளக்கங்கள் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆண் உடுத்தியிருப்பது என்ன என்று நின்று பார்த்த விளக்கம் அரிது. உடையிலிருந்து தொடங்கினால் பழைய விடைகள் சிலவற்றின் எடை மாறும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அறுபதுகளின் தொடக்கம்

இந்தக் கேள்விக்கு 1960களின் முதற்பாதி தனி முக்கியத்துவம் உடையது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ சிங்கள நாடகத்தை மேடையேற்றியபோது சிங்கள நாடகம மரபின் ஆட்டமும் பாட்டும் நவீன அரங்குக்கு வந்தன, இளவரசியாக ஒரு பெண்ணே நடித்தார். 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தைச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்து படச்சட்ட மேடைக்கு ஏற்றவாறு சுருங்கியது. ஈழத் தமிழ் அரங்க வரலாறு இந்த ஆண்டுகளை மறுமலர்ச்சிக் காலமாகக் கொண்டாடுகிறது. பேராதனையிலிருந்து சில மணிநேரப் பயணத் தொலைவிலுள்ள தோட்டங்களில் அதே ஆண்டுகளில் ஆண்கள் ரதியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டம் மறுமலர்ச்சிக் கணக்கில் சேரவில்லை. மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் மன்னாரும் கூத்து மரபுகளாக ஏற்கப்பட்டபோது, மலையகக் கூத்து தோட்டத்துச் சாமி காரியமாகவே பார்க்கப்பட்டது. பின்னாளில் சாரல்நாடன், மாத்தளை வடிவேலன், அந்தனி ஜீவா முதலியோர் எழுதிய பின்னரே அதற்கு அச்சில் ஓர் இடம் கிடைத்தது.

அரசியலும் பொருளாதாரமும் அதே காலத்தில் நெருக்கின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களின் தலைவிதியை 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்களில் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. இன்னொரு பக்கம், அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய காலம் அது. அதே காலத்தில்தான் தமிழ்ப்படங்கள் புடவை மோகத்தைக் கிளப்பின. 1961இல் வெளியான ‘பாலும் பழமும்’ படத்தின் பெயர் ஒரு கட்டம்போட்ட புடவைக்கே பெயராகிவிட்டது. திரையில் பார்த்த புடவை கடையில் எளிதாகக் கிடைக்காத காலத்தில் மேடையில் ஒருவர் பளபளக்கும் புடவையில் வந்து நிற்பதன் பொருள், துணி மலிந்த காலத்துப் பொருளாக இருக்க முடியாது.

ஆண்கள் மட்டும் வந்த காலம்

வரலாற்றுக் காரணம் காட்டும் விடை இது: கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். பெண்கள் குறைவாக இருந்த இடத்தில் பெண்வேடத்தையும் ஆண்களே கட்டினர். வழக்கம் பின்னர் இறுகிவிட்டது. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டதையும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அடுத்துவந்த ஆண்டுகளில் அழித்ததையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வேலை தரும் பயிராகத் தேயிலை பரவியது. அதன் பிறகே குடும்பம் குடும்பமாகக் குடியேற்றம் பெருகியது என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி.

ஆனால் இந்த விடை இரண்டு இடங்களில் தளர்கிறது. இம்மக்கள் புறப்பட்டு வந்த திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம், மதுரைப் பகுதிகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. அங்கும் கூத்தில் ஆண்களே பெண்வேடம் கட்டினர். தேயிலை வந்து பெண்களே கொழுந்து மலையின் பெரும்படையான பிறகு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும் வழக்கம் மாறவில்லை. ஆள் பற்றாக்குறை ஒரு வழக்கத்தைத் தொடக்கிவைத்திருக்கலாம். அது நிலைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

தீட்டும் மானமும்

தோட்டத்தில் பெரியவர்களிடம் கேட்டால் வரக்கூடிய முதல் விடை விரதம் பற்றியது. ரதி, மதன் வேடக்காரர்கள் காப்புக் கட்டி, சுத்தம் காத்து, கம்பம் ஊன்றிய நாள் முதல் நேர்ந்துகொண்டு ஆடுகிறவர்கள். வேடம் கட்டுவதே ஒரு வேண்டுதல். மாதவிலக்கு உள்ள பெண்ணால் இடைவிடாத அந்த விரதத்தைக் காக்க முடியாது என்பது வாதம். வழிபாட்டுக்குள் இருப்பவர்களே தரும் விளக்கம் என்பதால் இதைத் தள்ளிவிடலாகாது. ஆனாலும் இது முழு விடையாகாது. அதே தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் காப்புக் கட்டுகிறார்கள், தீச்சட்டி எடுக்கிறார்கள், பால்குடம் சுமக்கிறார்கள். தீட்டு மட்டுமே காரணமானால் அங்கும் தடை அதே அளவு இருந்திருக்க வேண்டும். கூத்தில் சிரிப்பூட்ட வரும், விரதத்தோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணையாத குறத்தி வேடத்தையும் ஆணே கட்டுகிறார் என்பதையும் இந்த விளக்கம் தொடுவதில்லை.

அங்கேதான் மானம் பற்றிய விளக்கம் நுழைகிறது. தமிழ் மேடையில் ஆடும் பெண்ணுக்கு ஒட்டிய இழிபெயர் நெடுங்கால வரலாறு உடையது. தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடக நடிகையர் அதை எப்படிச் சுமந்தார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்று சூசன் சைசர் 2005இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்தப் பெயருக்கு அஞ்சியே கற்றவர் சபைகளிலும் பெண்கள் ஏறவில்லை. 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியாருக்கு இணையாக நாயகி வேடம் கட்டியவர் ரங்கவடிவேலு. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே சீதையும் திரௌபதியும். சிவாஜி கணேசனும் அப்படிப் பெண்வேடம் கட்டி வளர்ந்தவர்தான். மறுபக்கச் சான்றும் உண்டு. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் கம்பெனி நடத்தினார், கே. பி. சுந்தராம்பாள் ஆண்வேடத்தில் புகழ்பெற்றார். ஆகவே “பெண்கள் அக்காலத்தில் மேடை ஏறவே இல்லை” என்ற வழக்கமான வாக்கியம் பிழை. ஏறினார்கள், அதற்கான விலையைக் கொடுத்தார்கள்.

தோட்டத்துக்கு இதைப் பொருத்தும்போது ஒரு முரண் எழுகிறது. வீட்டு மானத்தின் பெயரால் பெண்ணை மேடைக்கு அனுப்பாத அதே சமூகத்தில், பெண் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பேர் போட்டு, கங்காணியின் கண்ணெதிரே நாள் முழுவதும் மலையில் நிற்கிறாள். அவள் உடல் பொதுவெளிக்குப் புதியதன்று. மானம் தடுத்தது உழைக்கும் உடலை அன்று, பார்ப்பதற்கென்றே அலங்கரித்து நிறுத்தும் உடலைத்தான். உடை பற்றிய பகுதியில் இந்த வேறுபாடு மீண்டும் தேவைப்படும்.

கொழுந்துக் கூடையும் இரவு ஒத்திகையும்

பெண் உழைப்பைப் பற்றி எழுதிய ஆய்வாளர்களைத் தொடர்ந்தால் இன்னொரு விடை கிடைக்கும். 1982இல் ரேச்சல் குரியன் பெருந்தோட்டப் பெண் தொழிலாளர் பற்றி எழுதிய ஆய்வு முதல் திரும்பத் திரும்பப் பதிவானது இது: ஆணின் தோட்டவேலை பல நாட்களில் பிற்பகலிலேயே முடிந்துவிடும், கொழுந்தெடுக்கும் பெண் மாலை நிறுவை வரை நிற்க வேண்டும், அதன்பிறகு அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். ஆணுக்கு நிகரான நாட்சம்பளமே 1984ஆம் ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. கூத்துக்கு வேண்டியதோ பல வார இரவு ஒத்திகை. வாத்தியாரிடம் பாட்டும் அடவும் பழக, தப்புக்கு உடம்பைப் பழக்க, ஓய்வு உள்ளவருக்கே முடியும். இந்த விளக்கம் சாத்திரத்தையும் மானத்தையும் தாண்டி ஒரு கடிகாரத்தைக் காட்டுகிறது, அதனாலேயே நம்பத்தக்கது. ஆயினும் வேலைக்குப் போகாத சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் வேடம் தரப்படாதது ஏன் என்ற கேள்விக்கு இதனிடம் விடையில்லை. நேரமின்மை தடையை எளிதாக்கியது என்று சொல்லலாம்; தடையை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது.

தலைகீழ் உலகமா?

திருவிழாவில் மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் மாறும் என்ற கோட்பாட்டைப் பக்தினிடமிருந்தும் விக்டர் டர்னரிடமிருந்தும் எடுத்துக் காமன் கூத்தின் மேல் பொருத்துவது கல்விப்புலத்தில் எளிதான வழி. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் கீழே ஆண்டு முழுவதும் அடங்கி நிற்கும் ஆண், சில இரவுகள் தெய்வமாகவும் பெண்ணாகவும் ஆவது தலைகீழாக்கம் என்பார்கள். கோமாளியைப் பொறுத்தவரை இது பொருந்தும். ஒருவேளை குறத்தியைப் பொறுத்தவரையும். ரதியிடம் பொருந்தாது. ரதி எதையும் கேலி செய்வதில்லை. தக்கன் வேள்வி முதல் சிவன் நெற்றிக்கண் திறப்பது வரை கதை நகர நகர அவள் அஞ்சுகிறாள், தடுக்கிறாள், பிறகு கணவனை இழந்து புலம்புகிறாள். கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தைக் கோமாளியிடமும் குறவன் குறத்தியிடமும் ஒப்படைத்துவிட்டு, அழ வேண்டிய இடத்தை ரதியிடம் வைத்திருக்கிறது இந்தக் கூத்து. குறத்தி, ரதி இரண்டுமே ஆண் கட்டும் பெண்வேடங்கள்தாம். ஆனால் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரே கோட்பாட்டுக்குள் இரண்டையும் அடைத்தது இந்த வாசிப்பின் பலவீனம்.

ரதியின் புலம்பல் ஒப்பாரியின் உறவு என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஒப்பாரி தோட்டத்தில் பெண்களின் சொத்து; அதன் இழுப்பும் விளியும் அவர்களுக்கு மனப்பாடம். ஆண் ரதி அழும்போது அவர் பயன்படுத்துவது சுற்றி அமர்ந்திருக்கும் பெண்களின் கலையை. எனவே பெண்களைக் கூத்தில் இல்லாதவர்கள் என்று எழுதுவது அரைகுறைப் பதிவு. வேடம் அவர்களிடம் இல்லை. புலம்பல் சரியா பிசகா என்று அறிந்த காது அவர்களிடம் இருக்கிறது. 1964க்குப் பிறகு அந்தப் புலம்பல் கப்பலேறிப் பிரிந்த குடும்பங்களின் அழுகையாகவும் கேட்கப்பட்டது என்று சிலர் கருதுகிறார்கள். புலம்பல் ஒப்பந்தத்துக்கு மிக முந்தியது என்பதால் அதை ஒப்பந்தத்தின் விளைவாகச் சொல்ல முடியாது. கேட்ட செவி மாறியிருக்கலாம் என்பதை மறுக்கவும் முடியாது.

பேடியாடலிலிருந்து இன்றைய வாசிப்பு வரை

தொன்மையைத் தேடுவோருக்கு ஒரு கவர்ச்சியான சான்று இருக்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் ஒன்று பேடியாடல். வாணாசுரனின் சோ நகரத்தில் காமன் பெண்மைக் கோலம் பூண்டு ஆடியதாகச் சொல்லப்படுவது. புகாரில் காமவேள் கோட்டம் இருந்ததையும் அந்தக் காப்பியமே சொல்கிறது. ஆண்டாள் தையிலும் மாசியிலும் காமனை நோற்கிறாள். காமனும் மாசியும் பால்மாற்றக் கோலமும் இத்தனை பழைய தமிழில் அருகருகே இருப்பது உண்மை. ஆனால் சிலம்பில் கோலம் மாறியவன் காமன். தோட்டத்தில் காமன் வில்லேந்திய ஆணாகவே வருகிறான், கோலம் மாறுவது ரதியாக ஆடுபவர். சிலம்பிலோ ஆணாகிய தெய்வம் பேடியாகி ஆடிய ஆடலை ஒரு பெண் ஆடுகிறாள்! இடையில் உள்ள நூற்றாண்டுகளை ஒரு நேர்கோட்டால் இணைக்கச் சான்றில்லை. கூத்துக் கதைகளுக்கு உள்ளேயே இன்னும் நெருங்கிய உறவு கிடைக்கிறது: தபசு மரம் ஏறும் அதே அருச்சுனன் பாரதத்தில் விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக ஓராண்டு வாழ்கிறான். வீரத்துக்குப் பெண்கோலம் இழுக்கு என்ற எண்ணம் இந்த மக்களின் கதையறிவில் அவ்வளவு உறுதியாக இருந்திருக்காது.

அண்மைக்காலப் பால்புதுமை ஆய்வு ரதியை மேடையில் பால்மாற்றக் கோலம் பூணும் உலகளாவிய ‘ட்ராக்’ மரபோடு வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது. அறுபதுகளின் தொடக்கம் அங்கும் குறிப்பிடத்தக்க காலம். பாரிசின் ‘கரூசல்’ அரங்கில் கொக்சினெல் புகழின் உச்சியில் இருந்தார். 1964இல் டேனி லா ரூ லண்டனில் தம் பெயரிலேயே இரவு விடுதி திறந்தார். அவர்கள் அணிந்தது அந்த ஆண்டின் நாகரிகத்தை. ரசிகர் பார்க்க வந்ததும் ஆணாகப் பிறந்தவர் எப்படி இவ்வளவு புதுப்பாணிப் பெண்ணாகத் தோன்றுகிறார் என்பதையே. ரதியிடம் அந்த விளையாட்டு இல்லை. வேடம் கலைந்தபின் சிகையைக் கழற்றிக் காட்டும் தருணம் கூத்தின் பகுதியாக அமைவதில்லை. வேடம் கட்டியவரின் பாலடையாளத்தை வேடத்திலிருந்து ஊகிப்பதும் பிழையான முறை. அதே வேளை, “இது வெறும் மரபு, வேறெதுவும் இல்லை” என்ற பதிலும் ஆய்வாகாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலுறவைக் குற்றமாக வைத்திருக்கும் நாட்டில், பெண்மை நிறைந்த ஓர் ஆணுக்கு ஊரே கூடி மரியாதை செய்யும் இடமாகச் சிலருக்கேனும் ரதி வேடம் இருந்திருக்கக்கூடும். இருந்ததா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் வேடம் கட்டியவர்களே.

உடை சொல்வது

இப்போது உடைக்கு வரலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் உடை வேலைக்கானது. தூக்கிச் செருகிய சேலை, இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்கு, தலையில் முக்காடாக மடித்துப் போட்ட துணி அல்லது கம்பளி, நெற்றிக்கு மேலே அழுந்தும் கூடைக் கயிறு. பனியும் மழையும் அட்டையும் தேயிலைச் செடியின் கிளைகளும் இந்த உடையை வடிவமைத்தன. ரதியின் கோலத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தரையைத் தொடும் புடவை, சவுரியும் குஞ்சமும் வைத்துப் பின்னிய சடை, முத்துவெள்ளையும் செந்தூரமும் அரிதாரமும் பூசிய முகம், கழுத்தும் கையும் நிறைய அணி. தன் தாயும் மனைவியும் தங்கையும் நாள்தோறும் உடுத்துவதை ஆண் ரதி பாவனை செய்வதில்லை. அவர்கள் தோட்டத்தில் உடுத்த முடியாததை உடுத்துகிறார். மராத்தி மேடையில் பால கந்தர்வா கட்டிய புடவையையும் அணிந்த நத்து என்னும் மூக்கணியையும் குடும்பப் பெண்கள் பார்த்துப் பின்பற்றினார்கள். மேடை ஆண் பெண்ணுலகின் நாகரிகத்துக்கு வழிகாட்டினார். ரதியை யாரும் அப்படிப் பின்பற்ற முடியாது. படங்கு கட்டாமல் மலையேற எந்தப் பெண்ணுக்கும் வழியில்லை.

இதற்கு எளிய மறுப்பு ஒன்று உண்டு: ரதி தெய்வப்பெண், தெய்வத்துக்கு நல்லுடை உடுத்துவது இயல்பு, இதில் தேயிலையைப் புகுத்த வேண்டியதில்லை. மறுப்புக்குப் பதிலைக் குறத்தி தருகிறாள். இடுப்பில் கூடை, ஏற்றிக் கட்டிய சேலை, பாசிமணி என வரும் அவள்தான் மேடையில் உழைக்கும் பெண்ணின் உடைக்கு மிக அருகில் நிற்பவள். சிரிப்பும் சில்மிஷமும் அவளுக்கே ஒதுக்கப்பட்டவை. குறத்தி தமிழ்க் கூத்தில் மிகப் பழைய பாத்திரம், தோட்டம் அவளைப் படைக்கவில்லை. ஆனால் கூடை சுமக்கும் பெண்கள் நிறைந்த ஒரு கூட்டத்தின் முன் கூடையோடு வருபவள் நகைச்சுவையாகவும், கூடையே அறியாதவள் துயரத்துக்குரியவளாகவும் பிரிவது தஞ்சாவூர்க் கிராமத்தில் தந்த பொருளையே ஹட்டனிலும் தந்திருக்குமா? உடை மாறவில்லை, அதைப் பார்க்கும் இடம் மாறியது. மேலே சொன்ன மானத்தின் முரணும் இங்கே தெளிகிறது. உழைப்புக்கெனத் தோட்டம் எடுத்துக்கொண்ட பெண்ணுடலைத் தவிர்த்து, உழைப்பின் சுவடே படாத ஒரு பெண்ணைச் செய்ய ஆண் உடல் பயன்பட்டது. பெண்ணுக்கு மரியாதையா இது, அவளிடமிருந்து இன்னொன்றைப் பறிப்பதா? இரண்டும் ஒருசேர இருப்பதாகவே தோன்றுகிறது.

அறுபதுகளில் சேர்ந்துகொண்ட புதுமை சினிமா. இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டும் நகரத் திரையரங்குகளும் தோட்டத்துக்குக் கொண்டுவந்த நாயகியின் தோற்றம், பழைய கூத்துக் கோலத்தோடு போட்டியிட்டிருக்க வேண்டும். பிற்காலக் காமன் கூத்துகளில் மதன் பெரும்பாலும் மரக்கிரீடமும் கண்ணாடி பதித்த புயக்கட்டையுமாகப் பழைய கோலத்தில் நிற்க, ரதி கடைப் புடவைக்கும் கடை அலங்காரத்துக்கும் நெருங்கியிருப்பதைக் காணலாம். ஆண்வேடம் மரபிலும் பெண்வேடம் காலத்திலும் நிற்பது போன்ற இந்த ஏற்றத்தாழ்வு, என் கணிப்பில், திரைப்படப் புடவையின் வருகையோடு தொடங்கியிருக்கலாம்.

தீராதவை

ஒற்றைக் காரணம் தேடும் விடைகளில் எதுவும் தனித்து நிற்கவில்லை. விரதம் ஆண் வேடக்காரரின் தகுதியை விளக்குகிறது. மானமும் வேலை நேரமும் பெண் வராததை விளக்குகின்றன. வேடத்தின் வடிவத்தை உடையே விளக்குகிறது. இவற்றில் எது எந்தத் தோட்டத்தில் முந்தியது என்பது சாதியையும், வாத்தியார் எந்த ஊர் வழிவந்தவர் என்பதையும் பொறுத்து மாறியிருக்கும். எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது அவசரம். இனி வரும் ஆய்வு இரண்டு இடங்களில் நடக்க வேண்டும். ஒன்று, ஒப்பந்தத்தின் பேரில் தாயகம் திரும்பி நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களிடையே. அங்கே ரதி வேடத்தில் தோட்டத்து வழக்கம் எவ்வளவு, ஊர் வழக்கம் எவ்வளவு என்று ஒப்பிடலாம். மற்றொன்று, 2023இல் மலையகம் 200 நினைவுகூரலோடு கூத்துக்குக் கிடைத்த புதிய மேடைகளில். அங்கே ஒரு பெண் ரதி வேடம் ஏற்கும்போது அவர் உடுத்துவது ஆண்கள் வகுத்த ரதியின் கோலத்தையா, வேறொன்றையா என்பதைப் பொறுத்து இக்கட்டுரையின் வாதம் வலுப்பெறவோ விழவோ கூடும்.